அளவுக் கட்டிலும் ஓர் இடது கையும்

ஆண்கள் நூறு மீட்டர் இறுதியில் தங்கம் வென்றவரைக் கட்டிலிலிருந்து மெல்ல எழுப்பி உட்கார வைத்தார்கள். கோலாலம்பூர் அரங்கின் பெரிய திரையில் அவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கையசைத்தார். அசையாமல் படுத்திருந்ததில் தலைமுடி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. யாரோ அவர் தோளில் தேசியக் கொடியைப் போர்த்தினார்கள். பார்ப்பதற்கு அதுவும் படுக்கை விரிப்பு போலத்தான் இருந்தது.

"ஓடுன களைப்புன்னாக்கூட ஒரு மருவாதி இருக்கும்" என்றான் பார்வையாளர் வரிசையில் இருந்த மாடசாமி. "இது படுத்த களைப்புல்லா."

இருதயராஜ் சிரிக்கவில்லை. காலையில் அதே போட்டிக்காக அவனும் ஒரு கட்டிலில் படுத்து எழுந்தவன்தான். முப்பத்தோராவது இடம் என்று சொல்லி, ஒரு பழச்சாறு டப்பாவைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அளவுக் கட்டில் வந்த கதை எளிமையானது. ஓர் உடம்பின் தசைகள் எப்படிப் பின்னியிருக்கின்றன, குதிகால் நாண் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது, இதயம் ஒரு துடிப்பில் எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது, மூளையின் கட்டளை கால் கட்டைவிரலுக்கு எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறது என்பதெல்லாம் தெரிந்துவிட்டால், அந்த உடம்பு நூறு மீட்டரை எத்தனை நொடியில் கடக்கும் என்பது வெறும் கணக்கு. தொடக்கத்தில் கணக்குப் போட்ட பிறகு ஓடவும் விட்டார்கள், சரிபார்க்க. அடுத்தடுத்து மூன்று உலகப் போட்டிகளில் கட்டில் சொன்ன வரிசையும் தடத்தில் வந்த வரிசையும் ஒன்றாகவே இருந்தன. அப்போது யாரோ ஒருவர் நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார்: விடை தெரிந்த கணக்குக்காக இத்தனை பேர் ஏன் தொடைத் தசையைக் கிழித்துக்கொள்ள வேண்டும்? மருத்துவர்கள் ஒப்புக்கொண்டார்கள். காப்பீட்டுக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். தொலைக்காட்சிக்காரர்களுக்கு விளம்பர இடைவேளை நீண்டதில் மகிழ்ச்சி. நீளம் தாண்டும் மணல்குழியில் புல் வளர்த்தார்கள். அந்த ஆண்டின் ஈட்டி எறிதல் சாதனையாளர் ஈட்டியை நேரில் பார்த்ததே பரிசளிப்பு விழாவில்தான். போட்டியின் முதன்மைப் புரவலர் ஒரு மெத்தை நிறுவனம்.

கட்டிலுக்கும் விதிகள் உண்டு. தூங்கக் கூடாது, தூங்கினால் நரம்பு மந்தமாகிவிடும். அதனால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். பேசலாம், கை கால் அசையக் கூடாது. வேண்டுமென்றே அசைந்தால் தகுதி நீக்கம். தும்மல், துடிப்பு என்று தானாக அசைந்தால் மறுபடி அளப்பார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இயந்திரத்துக்குத் துல்லியமாகத் தெரியும். மூன்று முறையும் அளக்க முடியாமல் போனால் அந்தப் போட்டியை மட்டும் பழைய முறையில் ஓடித்தான் பார்க்க வேண்டும், அதுவும் இறுதிக்கு வந்த எல்லோரும். காலில் உலோகக் கம்பி வைத்திருந்த ஒரு தடை ஓட்டக்காரருக்காக எழுதிய விதி அது. அவர் ஓய்வுபெற்ற பிறகு அது யாருக்கும் தேவைப்படவில்லை. நீக்குவதற்கும் யாருக்கும் நேரமில்லை.

ரிலே மட்டும் தப்பித்திருந்தது. காரணம், கைமாற்றம். நாலு பேரையும் தனித்தனியாக அளந்துவிடலாம். ஆனால் ஒருவன் கையிலிருந்து இன்னொருவன் கைக்கு பேட்டன் என்ற அந்தக் குட்டைத் தடி போகும் கணம் எந்த ஓர் உடம்பிலும் இல்லை. இரண்டு உடம்புகளுக்கு நடுவில் இருந்தது. வாங்குகிறவன் திரும்பிப் பார்த்து வாங்க மாட்டான், பார்த்தால் வேகம் போய்விடும். தடத்தில் ஒட்டிய ஒரு சின்ன டேப்பை ஓடிவருகிறவனின் கால் தாண்டியதும், முகத்தைத் திருப்பிக்கொண்டு முழு வேகத்தில் கிளம்பிவிடுவான். பின்னாலிருந்து ஒரு குரல் வரும். குரல் கேட்டதும் கையைப் பின்னுக்கு நீட்டுவான். பேட்டன் கையில் விழும், அல்லது தரையில் விழும். அதைப் பார்க்கத்தான் மக்கள் இன்னமும் அரங்குக்கு வந்தார்கள்.

இந்திய அணியின் குரல் "இந்தா!" முதலில் ஓடும் குர்மீத் பஞ்சாபி, இரண்டாவது பினோய் மலையாளி, மூன்றாவது மாடசாமி, கடைசியில் இருதயராஜ். நாலு பேருக்கும் பொதுவாக ஒரு சொல்லைத் தேடியபோது கோவில்பட்டி மாடசாமியின் தொண்டைதான் மற்றவர்களை ஜெயித்தது. குர்மீத்துக்குத் தெரிந்த முதல் தமிழ்ச் சொல் அதுதான். கடைக்காரர்களிடம்கூட அதைச் சொல்லித்தான் சில்லறையை நீட்டுவான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டியில் இருதயராஜ் பேட்டனைத் தவறவிட்டான். வெண்ணெய்க்கையன் என்ற பெயர் அவன் ஊரான தூத்துக்குடி வரை போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து மாடசாமி ஒரு வழக்கம் வைத்தான். இருதயராஜுக்கு எதைக் கொடுத்தாலும் பின்னாலிருந்துதான் கொடுப்பான். பல்பசை, சப்பாத்தி, போன், உப்புக் குப்பி, எதுவானாலும் முதுகுக்குப் பின்னாலிருந்து "இந்தா!" கடைசி ஓட்டக்காரன் இடது கையில்தான் வாங்க வேண்டும் என்பதால் இருதயராஜின் இடது கை பின்னால் போகும், உள்ளங்கை மேல்நோக்கி, விரல்கள் விரிந்து. முதல் மாதம் பாதிப் பொருள்கள் தரையில் கிடந்தன. பிறகு எதுவுமே விழவில்லை. அவனுடைய நிச்சயதார்த்தத்தில் பெண்ணின் தாய்மாமன் பின்னாலிருந்து "இந்தாங்க மாப்ள, வெத்தல" என்றபோதும் அந்த இடது கை அப்படியே நீண்டது. அந்த மாமனைச் சமாதானம் செய்யப் பங்குச்சாமியார் வரை போக வேண்டியிருந்தது.

இறுதிப் போட்டிக்கு முந்தின நாள் மாலை தாரகை பயிற்சித் தடத்துக்கு வந்தாள். கட்டிலைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர், கோயம்புத்தூர்க்காரி. தன் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் முகம் அவளுக்குத் தெரியாது. ஆறு மாதமாக எட்டு அணிகளும் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கட்டியிருந்த பட்டைகள் அவள் கொடுத்தவைதான்.

"அண்ணா, கைமாத்தத்தையும் கணக்குப் போட்டுட்டோமுங்க!" என்றாள் மூச்சிரைக்க. "ரெண்டு ஒடம்பைத் தனித்தனியா பாத்ததுதான் நாங்க பண்ணுன தப்பு. நீங்களும் மாடசாமி அண்ணாவும் ஒரே ஒடம்புன்னு வெச்சுக்கிட்டா சரியா வருது. குரல்தான் நரம்பு. அவரு கத்துறதுக்கும் உங்க கை போறதுக்கும் நடுவுல இருக்கிற நேரம், ஆறு மாசமா, ஒரு மயிரிழை மாறலீங்க."

"சரிம்மா. யாருக்குத் தங்கம்?" என்றான் மாடசாமி.

"உங்களுக்குத்தானுங்க! எட்டு டீமோட வரிசையையும் இன்னிக்கி ராத்திரி திரையில போட்டுருவாங்க. நாளைக்கு நீங்க எல்லாம் ஓடறதும் அதுவும் ஒத்துப்போச்சுன்னா, அடுத்த வருசத்துலருந்து ரிலேவும் கட்டில்தான்." அவள் முகம் மலர்ந்தது. "இனிமே நீங்க யாரும் ஓடவே வேண்டாமுங்க அண்ணா!"

குர்மீத்தும் பினோயும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மாடசாமி தரையில் உட்கார்ந்துவிட்டான், கண் கலங்கி. இருதயராஜ் தாரகையின் கடைசி வாக்கியத்திலேயே நின்றுவிட்டான்.

அன்றிரவுச் சாப்பாட்டில் அவன் மெல்லப் பேச்செடுத்தான்.

"மாடா, நாம ஜெயிச்சா ரிலே முடிஞ்சுதுல."

"தோத்தா?"

"கணக்கு தப்பாயிரும். இன்னும் பத்து வருசமாவது ஓட்டம் இருக்கும்."

மாடசாமி சாம்பாரைக் கிண்டினான். "ஏல, நமக்கு வயசு என்ன ஆகுது? பத்து வருசம் கழிச்சு எவனோ ஓடுததுக்கு நான் எதுக்குத் தங்கத்த விடணும்?"

"கட்டில்ல நான் முப்பத்தொண்ணாவது எடம். நீ நாப்பத்தி சொச்சம். இந்த வேலைய விட்டா நமக்கு வேற என்ன தெரியும்? நான் மனுசனா இருக்கதே அந்த நூறு மீட்டர்லதான்ல."

"அப்போ ஒண்ணு செய்யி. எட்டு டீம் ஓடுது. ஏதாவது ஒரு டீம் வரிசை மாறினாப் போதும்லா? ரெண்டாவது வாரவன் மூணாவது வரட்டும். அஞ்சாவது வாரவன் கீழ போடட்டும். கணக்கு தப்பாயிரும், தங்கமும் நமக்கு. நாம எதுக்குல தியாகி ஆவணும்?" அவன் எழுந்து இருதயராஜின் பின்னால் போனான். "இந்தா!"

இடது கை பின்னால் போனது. ஊறுகாய்ப் பொட்டலம் வந்து விழுந்தது.

மறுநாள் போட்டிக்கு முன் எட்டு அணிகளையும் ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். வழக்கமாக அந்த அறையில் யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். அன்று எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள், வெகு அன்போடு. நாலாவது என்று திரையில் பெயர் வந்த அணிக்காரன் ஆறாவது அணிக்காரனுக்குத் தண்ணீர் கொடுத்தான். முப்பத்திரண்டு பேருக்கும் ஓட்டம் பிழைக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. அதைப் பக்கத்து அணி பிழைக்க வைக்கட்டும் என்ற நம்பிக்கையும் இருந்தது. இருதயராஜுக்கு அதைப் பார்த்ததும் தெளிவாகிவிட்டது: யாரும் செய்யப்போவதில்லை.

அவன் தீர்மானித்தான். வழியையும் யோசித்து வைத்திருந்தான். தாமதமாகக் கிளம்பினால் மாடசாமி முழு வேகத்தில் வந்து முதுகில் மோதுவான், எலும்பு முறியும். வாங்கிய பிறகு மெதுவாக ஓடினாலோ, தூக்கி எறிந்தாலோ, கேமராவில் தெரியும். வேண்டுமென்று செய்ததற்காக இந்தியாவை மட்டும் நீக்கிவிட்டு மற்ற ஏழு அணிகளின் வரிசையை ஒப்பிடுவார்கள். கணக்கு பிழைத்துக்கொள்ளும். ஆகவே பிசகு பிசகு மாதிரியே இருக்க வேண்டும். கையை நீட்ட வேண்டும், பேட்டன் உள்ளங்கையில் படும்போது விரலை மூடாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான். வெண்ணெய்க்கையன் மறுபடி விட்டுவிட்டான் என்பார்கள். ஊரே நம்பும்.

மாடசாமியிடம் சொல்லவில்லை.

துப்பாக்கி வெடித்தது. குர்மீத் வளைவில் நன்றாகவே வந்தான். பினோய் இன்னும் நன்றாக. நேர் எதிர்ப்பக்கத்தில் மாடசாமி பேட்டனை வாங்கியது இருதயராஜுக்குக் கூட்டத்தின் இரைச்சலில்தான் தெரிந்தது. பிறகு வளைவு முழுக்க அவன் பெரிதாகிக்கொண்டே வந்தான்: பல் கடித்த வாய், பிதுங்கிய கண், கழுத்தில் புடைத்த நரம்பு. கால் டேப்பைத் தாண்டியது. இருதயராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு பறந்தான். விரலை மூடாதே, விரலை மூடாதே என்று ஒவ்வொரு அடிக்கும் சொல்லிக்கொண்டான்.

"இந்தா!"

கை போனது. பேட்டன் உள்ளங்கையில் விழுந்தது. விரல்கள் மூடின.

அவன் மூடவில்லை. அவை மூடின. கையில் பேட்டன் இருப்பதை அவன் பக்கத்து வீட்டுக்காரனைப் போலத்தான் கவனித்தான். விட்டுவிடு என்று கைக்குச் சொல்வதற்குள் கால்களும் கையின் கட்சியில் சேர்ந்துவிட்டன. ஆண்டுக்கணக்கான பழக்கம் அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தது. முதலிடம். மற்ற ஏழு அணிகளும் திரையில் இருந்த வரிசையிலேயே ஒழுங்காக வந்து சேர்ந்தன. நாலு பேருக்கும் ஆளுக்கொரு மெத்தை பரிசு.

பட்டைகளைக் கழற்ற வந்த தாரகை கையில் இருந்த திரையைப் பார்த்து வாயைப் பிளந்தாள். பிறகு, அறிவியல் மீதுள்ள பரிசுத்தமான அன்பினால் மட்டுமே பிழை செய்கிறவர்கள் செய்வதைச் செய்தாள்: பார்த்ததை உரக்கச் சொன்னாள்.

"அண்ணா, இது அற்புதமுங்க! நீங்க விட்டுறணும்னு முடிவு பண்ணியிருக்கீங்க, பாருங்க, மூளையிலருந்து 'மூடாதே'ன்னு கட்டளை கெளம்பியிருக்குது. ஆனா அது மணிக்கட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே கை மூடிருச்சுங்க! குரல் கேட்டதும் கை தானா பண்றது. உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லீங்க."

மாடசாமி பக்கத்தில்தான் நின்றான், கழுத்தில் தங்கத்தோடு.

"விடணும்னு நெனச்சானா?"

"ஆமாங்க! எண்ணத்துக்கெல்லாம் தண்டனை கெடையாதுங்க, கவலப்படாதீங்க. மனசைக் கட்டில் அளக்கறதில்லீங்க. கையைத்தான் அளக்குது. அதனாலதான் கணக்கு தப்பாம வருது."

மாடசாமி இருதயராஜைப் பார்த்தான். "உயிரைக் கையில புடிச்சுக் கொண்டாந்தேன். நீ கீழ போடப் பாத்தியால?"

"மாடா..."

"பேசாத. உன் கையி உன்னவிட நல்லவன்."

அதற்குப் பிறகு மாடசாமி அவனுக்கு எதையும் கொடுக்கவில்லை. முகாமில் ஒரே மேசை, ஒரே அறை. உப்பு வேண்டுமென்றால் இருதயராஜ் எழுந்து போய் எடுத்துக்கொண்டான். பின்னாலிருந்து எந்தக் குரலும் வரவில்லை. ஓடவும் தேவையில்லாததால், இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே தங்கள் தசைகளை மட்டும் பராமரித்து வந்தார்கள். சில சமயம் நடைபாதையில் மாடசாமியின் காலடி பின்னால் கேட்கும்போது இருதயராஜின் இடது கைவிரல்கள் லேசாக விரியும். காலடி கடந்து போய்விடும்.

அடுத்த ஆண்டு போட்டி மணிலாவில். முதன்முதலாகப் படுக்கை ரிலே. அரங்கின் கீழ்த்தளத்தில் அணிக்கு ஓர் அறை. அறையில் நாலு கட்டில்கள், ஓடும் வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டிரண்டாகத் தலைமாட்டோடு தலைமாடு ஒட்டி. தாரகை இப்போது தலைமைப் பொறியாளர்.

"எல்லாரும் தளர்வாப் படுங்க. தூங்கிறாதீங்க, ஏதாவது பேசிட்டே இருங்க. கை காலை மட்டும் அசைக்காதீங்க."

இயந்திரம் ரீங்காரமிட்டது. குர்மீத்தின் கண்கள் சொக்கின.

"மாடசாமி அண்ணா, நீங்களாவது பேசுங்க. போன வருசத்து ரேஸைச் சொல்லுங்க."

இருதயராஜின் தலைக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது, அவனிடம் அல்ல, கூரையிடம். "அதையா? சொல்லுதேன். ஒருத்தன் இருந்தான், கூட்டாளின்னு நெனச்சிருந்தேன். நான் வளைவுல நுரை தள்ள வாரேன். கண்ணு இருட்டுது. அவன் முதுகு மட்டும்தான் தெரியுது. இவன் கையில கொடுத்துட்டா செத்தாலும் பரவால்லன்னு வாரேன். அவன் உள்ளுக்குள்ள என்ன நெனச்சிட்டு ஓடுதான்னு எனக்கு எப்படித் தெரியும்? இருக்க மூச்சையெல்லாம் கூட்டிக் கத்துதேன், இந்தான்னு..."

இருதயராஜின் இடது கை கட்டிலைவிட்டுப் பின்னால் போனது. உள்ளங்கை மேல்நோக்கி, விரல்கள் விரிந்து.

இயந்திரம் அலறியது. குர்மீத் விழித்துக்கொண்டான்.

"யாரு அசைஞ்சது?" தாரகை திரையைப் பார்த்தாள். "இருதயராஜ் அண்ணா... இல்ல, நீங்க அசைக்கலீங்க. தானா போயிருக்குது. பரவால்லீங்க, மறுபடி அளந்துக்கலாம்."

மாடசாமி தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் மேலே உருட்டிப் பார்த்தான். அந்தக் கை இன்னும் அங்கேயேதான் இருந்தது, அவன் முகத்துக்கு நேராக, காலியாக. ஒரு வருடமாக யாரும் எதுவும் வைக்காத கை.

"கையை உள்ள எடுல" என்றான் கடைசியில்.

இரண்டாம் முறை இயந்திரம் ரீங்காரமிட்டது. பாதி அளந்திருக்கும்.

"இந்தா" என்றான் மாடசாமி, கத்தாமல், உப்புக் குப்பியை நீட்டுகிற குரலில்.

கை போனது. இயந்திரம் அலறியது.

"மாடசாமி அண்ணா!"

"பேசலாம்னு நீதானம்மா சொன்ன?"

தாரகை விதிகளை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். பேசியவன் அசையவில்லை. அசைந்தவன் வேண்டுமென்று அசையவில்லை. யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. இயந்திரம் அவ்வளவு துல்லியமாக இல்லாதிருந்தால் இருதயராஜை நீக்கிவிட்டிருக்கலாம். சென்ற ஆண்டு அவளே கண்டுபிடித்து, அவளே மேடைகளில் விளக்கிச் சொன்ன அந்தக் கை இப்போது அவள் கண்முன் கட்டிலைவிட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

"காதுல பஞ்சு வெச்சுப் பாக்கலாமுங்களா?" என்றாள் பலவீனமாக.

"வெச்சா குரல் கேக்காது. குரல்தானே நரம்புன்ன?" என்றான் இருதயராஜ். அறையில் அவன் பேசிய முதல் வார்த்தை. "நரம்ப அறுத்துட்டு என்னத்தம்மா அளப்ப?"

அவள் பதில் சொல்வதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து அறையில், வேறு ஏதோ மொழியில் ஒரு சின்னச் சொல் கேட்டது. உடனே அங்கே ஓர் இயந்திரம் அலறியது. அதற்கடுத்த அறையிலும். மற்ற அணிகளுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் விஷயம் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

மூன்றாம் முறை மாடசாமி நெஞ்சு நிறைய மூச்சு வாங்கிக் கத்தினான்.

நீக்க நேரமில்லாமல் விட்ட அந்த மூன்று முறை விதிப்படி இனி எல்லோரும் ஓடித்தான் ஆக வேண்டும். தாரகை படியேறி மைதானத்தைப் பார்க்கப் போனாள். தடம் இருந்த இடத்தில் வெயில் நன்றாக அடித்தது. அதனால் புரவலரின் மெத்தைகளை வளைவிலிருந்து வளைவு வரை அங்கேதான் காயப் போட்டிருந்தார்கள். கோடுகள் எதுவும் தெரியவில்லை. அவள் நடுவில் நின்று கையைத் தட்டி, எல்லாவற்றையும் உடனே எடுக்கச் சொன்னாள். இன்னும் அரை மணி நேரத்தில் போட்டி.

மெத்தைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு ஊழியர்கள் ஓடினார்கள். அரங்கில் இருந்த கூட்டம், என்ன நடக்கிறது என்று தெரியாமலே, எழுந்து நின்று கைதட்டியது.